அப்பப்பா சுருட்டுக் குடித்தும் தொண்ணூறு தாண்டினாரே? முதுமையும் புகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வைத்தியசாலைகளில் முப்பத்துமூன்று வருடம் தாதியாக இருந்தேன். ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகியும் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் யாராவது "மிஸி, ஒரு நிமிஷம்" என்று மறிக்காத நாள் குறைவு. மறிப்பவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய மக்கள்மார். கேட்பதும் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். வெயிலில் நின்று துண்டு துண்டாகச் சொன்னவற்றை நிழலில் இருந்து எழுதியிருக்கிறேன். உங்கள் கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியிருப்பதற்கு மேலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் அப்பப்பா பதினைந்து வயதிலிருந்து சுருட்டுக் குடித்தவர். 91 வயதில்தான் கண்ணை மூடினார். பிறகு எப்படிப் புகைத்தால் ஆயுள் குறையும் என்கிறீர்கள்?

எல்லா வீட்டிலும் இப்படி ஒரு கிழவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் அது பெரியப்பா.

என்னிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. 1978 சூறாவளிக்கு முந்திய வருடம் ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. தண்ணீர் பட்டு ஒரு மூலை வெளுத்துவிட்டது. முன்வரிசைக் கதிரைகளில் பதினொரு ஆண்கள். பெரியப்பாவின் விரலிடுக்கில் சுருட்டு. என் அப்பாவின் காதுமடலில் பாதி குடித்து அணைத்த பீடி. கல்யாணப் படத்துக்குக்கூட அதை எடுத்து மடியில் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. ஒருநாள் அந்தப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் கணக்குப் பார்த்தேன். இருவரைச் சண்டைக் காலம் கொண்டுபோனது, அவர்களை விட்டுவிட்டேன். மிச்சம் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் புகைத்தவர்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த வயதுகள்: 54, 58, 61, 63, 70, 83, 91. புகைக்காத இருவர் 79, 86. "பெரியப்பாவைப் பார், அவருக்கு என்ன வந்தது?" என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பார்ப்பதற்குத் திண்ணையில் அவர் இருந்தார். 54இல் போனவரை யார் திண்ணையில் வைத்துக் காட்டுவது?

ஒரு குடும்பப் படம் ஆராய்ச்சி ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆராய்ச்சியை வேறு ஆட்கள் செய்திருக்கிறார்கள். ரிச்சர்ட் டோல், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் 1951இல் பிரித்தானியாவில் 34,439 ஆண் டொக்டர்களிடம் புகைப்பழக்கத்தைக் கேட்டுப் பதிந்தார்கள். யார் எப்போது, எதனால் இறந்தார் என்று ஐம்பது வருடம் அந்தப் பதிவு தொடர்ந்தது. முடிவு 2004இல் வெளிவந்தது. 1900க்கும் 1930க்கும் இடையில் பிறந்து 35 வயதைக் கடந்தவர்களில், புகைக்காத நூறு பேருக்கு 59 பேர் எண்பதைக் கண்டார்கள். சிகரெட் குடித்துவந்த நூறு பேருக்கு 26 பேர். தொண்ணூறைக் கண்டவர்கள் அங்கே 24, இங்கே 4. சராசரியாகப் பத்து வருடம் பறிபோயிருக்கிறது.

ஆகவே, புகைத்துக்கொண்டே தொண்ணூறு தாண்டிய மனிதர் கட்டுக்கதை இல்லை. நூற்றுக்கு நாலு பேர் அப்படி இருக்கிறார்கள், உங்கள் அப்பப்பா அந்த நாலில் ஒருவர். மற்றத் தொண்ணூற்றாறு பேரின் பேரப்பிள்ளைகள் என்னிடம் வந்து இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

(டோலும் ஒருகாலத்தில் சிகரெட் குடித்தவர்தான். தன்னுடைய ஆய்வுகள் காட்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார், 92 வயதுவரை இருந்தார். அதுவும் ஒற்றை ஆளின் கதை என்பதால் அதை வைத்து நான் வாதாட மாட்டேன்.)

உலகத்திலேயே அதிக வயது வாழ்ந்த பிரெஞ்சுப் பாட்டி சிகரெட் குடித்தாராமே?

குடித்தார். ஷான் கல்மோன், 1875இல் பிறந்து 1997இல் 122 வயதில் இறந்தார். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் குடிக்கவில்லை என்றும், 117 வயதளவில் அதையும் விட்டார் என்றும் சொல்லப்படுகிறது. இந்தக் கதையைச் சொல்லும் ஆண்கள் யாரும் ஒரு நாளைக்கு ஒன்றோடு நிற்பவர்களாக எனக்கு அகப்படவில்லை.

எனக்கு 70 வயது. ஐம்பது வருடம் குடித்தாயிற்று. இனி விட்டு என்ன காணப்போகிறேன்?

அதே டொக்டர்மார் ஆய்விலிருந்தே சொல்கிறேன். முப்பது வயதில் விட்டவர்களுக்குப் போகவிருந்த பத்து வருடமும் ஏறத்தாழ முழுதாகத் திரும்பியது. நாற்பதில் விட்டவர்களுக்கு 9, ஐம்பதில் 6, அறுபதில் 3 வருடம். எழுபது தாண்டியவர்களைப் பார்த்த ஆய்வுகளிலும், தொடர்ந்து புகைத்தவர்களை விட விட்டவர்களுக்கே இறப்பு குறைவு. இரத்தத்திலுள்ள காபன் மொனொக்சைட் ஓரிரு நாளில் வடிந்துவிடும். புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஒரு வருடத்தளவில் பாதியாகிறது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாகப் பத்து வருடம் எடுக்கும்.

ஆனால் வயதான ஒருவரோடு நான் வருடக்கணக்குப் பேசுவதில்லை. "இன்னும் மூன்று வருடம்" என்றால் "அதை வைத்து என்ன செய்ய?" என்பார்கள். மூச்சைப் பற்றித்தான் பேசுவேன்.

என் அப்பா படுவான்கரையில் வயல் செய்தவர். இரவில் வாடியில் யானைக்குக் காவல் இருந்த காலத்தில் பிடித்த பீடி. 71 வயதில், பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வர மூன்று இடத்தில் நின்றார்: மதகடி, மருதமரத்தடி, எங்கள் படலை. நிற்பது மூச்சு வாங்கத்தான். யாராவது பார்த்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிவார். அந்த வருடம் விட்டார். நாலு மாதம் கழித்து மருதமரத்தடியில் மட்டும் நின்றார். அதற்கு மேல் முன்னேறவில்லை. புகையால் அழிந்த நுரையீரல் திரும்ப முளைக்காது. விட்டால் தேய்கிற வேகம் குறைந்து, புகைக்காதவருக்கு வயதோடு தேய்கிற அளவுக்கு வரும். அவ்வளவுதான் கிடைக்கும். அந்த அவ்வளவில்தான் அவர் 83 வரை தன் காலால் கக்கூசுக்குப் போனார். பெரியப்பா 91 வரை இருந்தார், உண்மை. கடைசி ஆறு வருடம் தலையணை நாலு அடுக்கிச் சாய்ந்தபடி, படுக்க இயலாமல் இருந்தார் என்பதை அவரைப் புகழ்கிறவர்கள் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தலையணை உறைகளைத் தோய்த்தவள் நான்.

நாற்பது ஐம்பது வருடம் பழகிய உடம்பு. திடீரென்று நிறுத்தினால் ஆளே போய்விடும் என்கிறார்களே? எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விட்டு ஆறு மாதத்தில் இறந்தார்.

சாராயத்தைப் பல வருடம் நாள்தோறும் குடித்தவர் சடுதியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதை வைத்தியரின் கவனிப்பில்தான் செய்ய வேண்டும். புகைக்கு அந்தப் பயம் இல்லை. எரிச்சல், நித்திரையின்மை, பசி, மலச்சிக்கல், வாய்ப்புண் எல்லாம் வரும். உயிர் போகாது.

பக்கத்து வீட்டுக்காரர் விடயத்தில் எது முந்தியது என்று கேட்டுப் பாருங்கள். வயதானவர்களில் பலர் நெஞ்சு நோ, எடை குறைவு, சளியில் இரத்தம் என்று ஏதாவது பயமுறுத்திய பிறகே பீடியை எறிகிறார்கள். நோய் உள்ளே வந்து குந்திவிட்டது, அதனால்தான் விட்டார். இறந்ததும் அந்த நோயால்தான். சனம் கதையைத் தலைகீழாகப் பிடிக்கிறது.

விட்டபிறகு இருமல் கூடிவிட்டது. பேசாமல் திரும்பக் குடிக்கவா?

வேண்டாம். மூச்சுக்குழாயின் உட்பக்கத்தில் சளியை மேலே தள்ளுகிற நுண்மயிர்கள் இருக்கின்றன. புகை அவற்றை முடக்கி வைத்திருக்கும். புகை நின்றதும் அவை வேலையைத் தொடங்க, தேங்கிக் கிடந்த சளி வெளியே வருகிறது. சில வாரங்களில் தணியும். தணியாமல் நீண்டாலோ, இரத்தம் கலந்தாலோ, காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தாலோ அது வேறு கதை. கடைசிக் கேள்விகளுக்குள் அதைச் சொல்லியிருக்கிறேன்.

முழுக்க விடாமல் ஒரு நாளைக்கு இரண்டாகக் குறைத்துக்கொண்டால் போதாதா?

நுரையீரலுக்குக் குறைப்பதில் கொஞ்சம் இலாபம் இருக்கிறது. இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு நாளைக்கு ஒரேயொரு சிகரெட் குடிப்பவருக்குக்கூட இருபது குடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருந்தது. இருபதில் ஒன்று என்றால் ஆபத்தும் இருபதில் ஒன்று என்று நாம் நினைக்கிறோம். அதுதான் பிசகு. தவிர, இரண்டாகக் குறைத்தவர்கள் அந்த இரண்டையும் அடிவரை, விரல் சுடும்வரை இழுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

விடுவதற்கு ஒரு படியாகக் குறைக்கலாம். அங்கேயே குடியிருக்கக் கூடாது.

பீடியும் சுருட்டும் இலைதானே? சிகரெட் மாதிரி இரசாயனம் இல்லையே.

எரிகிற எந்த இலையும் தாரும் காபன் மொனொக்சைட்டும் தரும். பீடியின் சுற்றிலை காற்றை உள்ளே விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் சிறியதாக இருந்தாலும் சிகரெட்டை விடக் கூடுதலான விஷம் உள்ளே போகிறது. சுருட்டின் புகையை விழுங்காவிட்டாலும் அதன் நிக்கோட்டின் வாய்த்தோலாலேயே இரத்தத்தில் ஏறிவிடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாயில் தங்குகிற அந்தப் புகையே போதும்.

பீடியை விட்டுவிட்டு வெற்றிலைக்கு மாறினேன். அது நல்லதுதானே?

இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். கேட்பவர் மீது இல்லை. பீடியை விட்ட மனிதருக்கு வெற்றிலை வட்டாவை நீட்டுகிற வீட்டுக்காரர் மீது.

வெற்றிலைக்குள் புகையிலை வைத்தால் வாய்ப் புற்றுநோய் வரும் என்பது இப்போது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு, சுண்ணாம்பு, வெற்றிலை போட்டாலும் வரும் என்பது தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமை பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. இலங்கை ஆண்களிடம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதற்கு நம்முடைய வட்டாவும் பாக்குவெட்டியும் பெரிய காரணம். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் தாம்பூலம் வைப்பதை யாரும் தடுக்கவில்லை. தட்டில் இருக்கட்டும், கன்னத்தில் வைத்துக்கொண்டு நித்திரைக்குப் போவதைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை: வாயை அகலத் திறந்து, உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, நிலைக்குத்தாக முன்பற்களுக்கு இடையில் வையுங்கள். போகாவிட்டால், அல்லது முன்பு போய் இப்போது இறுகினால், பாக்கு வாயின் உட்தோலைத் தடிக்க வைத்திருக்கலாம். காரமான கறி முன்னைவிட எரிப்பதும் அதன் அறிகுறி. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பல்லில்லாதவர்களும் பல் வைத்தியரிடம் போகலாம். ஒருவர் அப்படி வெட்கப்பட்டு எட்டு மாதம் பிந்தினார்.

வாப்பாவால் ஒரு மணித்தியாலம் பொறுக்க இயலாது. எப்படி விடச் சொல்வது?

காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு மகள் கேட்டது. நான் திருப்பிக் கேட்டேன்: நோன்பில் என்ன செய்கிறார்? சஹரிலிருந்து மஃரிப் வரை பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரு இழுவையும் இல்லை. முப்பது நாள். நோன்பு திறந்து பேரீச்சம்பழத்துக்கு அடுத்ததாகச் சிகரெட்டைத் தேடுகிறார் என்பது வேறு விடயம். நிக்கோட்டின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பாதியாகக் குறைகிற பொருள். அதாவது ஒவ்வொரு நாளும் மாலைக்குள் அவர் உடம்பு அதை ஏறக்குறையக் கழுவிவிடுகிறது. "இயலாது" என்பது உண்மையில்லை என்று அவருடைய உடம்பே வருடா வருடம் முப்பது தடவை காட்டுகிறது. அந்த மாதத்தில் பின்னேரத்துக்குப் பிறகான நேரத்தை மட்டும் வென்றால் போதும். நம்முடைய பக்கத்தில் உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களில் பலர் விரதமென்று பீடியை ஒதுக்கிவைத்துவிட்டு, திரும்பி வந்ததும் தொடங்குகிறார்கள். கடினமான முதல் நாட்கள் காட்டுக்குள்ளேயே கழிந்துவிட்டன. கரைக்கு வந்து ஏன் மூழ்க வேண்டும்?

மோசமான நாட்கள் முதல் வாரத்தில் வரும், அதிலும் முதல் மூன்று நாள். மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். ஆசை எழும்புகிற ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான் நிற்கும். அந்த நிமிஷங்களைக் கடத்துவதுதான் முழு வேலையும். கையும் வாயும் சும்மா இருக்கக் கூடாது. என் அப்பா கராம்பு வாயில் போட்டார், பழைய வீச்சு வலையின் கண்களைப் பொத்திக்கொண்டு இருந்தார். பல் உள்ளவர்கள் கச்சான் உடைக்கலாம். (கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசுகிற மாதத்தில் விடத் தொடங்க வேண்டாம் என்று ஒரு கிழவர் சொன்னார். மனிதன் எரிச்சலோடுதான் எழும்புகிறானாம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.)

எந்த நேரத்தில் கை மடிக்குப் போகிறது என்று பாருங்கள். காலையில் கக்கூசுக்கு முன், தேத்தண்ணீருக்குப் பின், சாப்பிட்டு எழும்பியதும். பீடி இல்லாமல் வயிறு போகாது என்று பலர் நினைக்கிறார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு கிளாஸ், பப்பாசிப் பழம், கீரை ஒரு வாரத்தில் அந்த இடத்தைப் பிடிக்கும். தேத்தண்ணீரைப் பாதியாக்குங்கள். புகை நின்றதும் தேயிலையிலுள்ள கஃபீனை உடம்பு முன்னைவிட மெதுவாகக் கரைக்கும். வழமையான ஆறு தேத்தண்ணீர் பத்துக் குடித்தமாதிரி நெஞ்சைப் படபடக்க வைத்து நித்திரையைக் கெடுக்கும். அதைப் "பீடியை விட்டதால் வந்த நடுக்கம்" என்று நினைத்துத் திரும்பப் போனவர்கள் உண்டு.

தனியே முடியாவிட்டால் 1948 என்ற இலவச தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம். நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டி, மாத்திரை என்று உதவிகளும் உண்டு. இதயநோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், பிரஷர் குளிசை கேட்பதுபோலத்தான்.

தவறி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால்? அடுத்ததைப் பற்றவைக்காதீர்கள். என் அப்பா மூன்று தடவை விட்டார். மூன்றாவதுதான் நின்றது.

நான் வருத்தங்களுக்கு மருந்து எடுப்பவன். விட்டதை டொக்டரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். முட்டு வருத்தத்துக்குத் தியோபிலின் எடுப்பவர்களுக்கு இது முக்கியம். புகை அந்த மருந்தை ஈரலில் வேகமாக அழிக்கிறது. நிறுத்தியதும் அதே அளவு மருந்து உடம்பில் கூடுதலாகத் தங்கும். சத்தி, படபடப்பு, இதயத்துடிப்புத் தாறுமாறாவது வரலாம். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இன்சுலின் போடுபவர்களும் சீனியை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. கால் விறைப்பதும் நடந்தால் கெண்டைக்கால் பிடிப்பதும் சீனியாலா, புகையாலா?

இரண்டும் கூட்டுச் சேர்ந்துதான். சீனி நரம்பைக் கெடுக்கிறது, இரண்டும் இரத்தக்குழாயை அடைக்கின்றன. கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றதும் விட்டுப்போனால் காலுக்கு இரத்தம் போதவில்லை என்று அர்த்தம். வாதம் என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். வாட்டில் நான் கண்ட விரல் வெட்டுதல், பாதம் வெட்டுதல்களில் பல இப்படித்தான் தொடங்கின: வயலில் குத்திய ஒரு சின்ன முள், அது தெரியாத விறைப்பு, ஆறாத புண், நிறுத்தாத பீடி. இரவில் படுக்கமுன் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய இயலாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பாருங்கள், அல்லது பேத்தியைக் கூப்பிடுங்கள்.

நான் ஒருநாளும் புகைத்ததில்லை. எனக்கு ஏன் முட்டு?

பெண்கள் கேட்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி, ஏதோ தாங்கள் செய்த பிழைபோல. அம்மா, நீங்கள் ஐம்பது வருடம் அடுப்படியில் புகைத்திருக்கிறீர்கள். விறகு, பொச்சுமட்டை, தென்னோலை, ஊதுகுழல். கதவு காற்றுக்காக ஒன்று, ஜன்னல் இல்லை. என் அம்மாவின் குசினிச் சுவர் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டும்; அதேதான் அவருடைய நெஞ்சுக்குள்ளும் இருந்திருக்கும். புகைக்காத பெண்களுக்கு நாட்பட்ட மூச்சடைப்பு நோய் வருவதற்கு விறகுப் புகை பெரிய காரணம். காஸ் வாங்க வசதி இல்லாவிட்டால் புகைபோக்கி வையுங்கள், காய்ந்த விறகை எரியுங்கள், முடிந்ததை முற்றத்து அடுப்பில் சமையுங்கள். நுளம்புக்கு வேப்பிலைப் புகை போட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். வலை கட்டுங்கள்.

வீட்டுக்காரரின் பீடிப் புகையும் இதில் சேர்த்தி. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு புகைப்பவர்கள் "வெளியேதான் ஊதுகிறேன்" என்கிறார்கள். பிள்ளையின் இழுப்புக்கும் காது நோவுக்கும் அது தெரியாது.

பேரனை அனுப்பிக் கடையில் வாங்குவிக்கலாமா?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகைப்பொருள் விற்கக் கூடாது. கடைக்காரர் மாட்டுவார். பேரன் பழகுவான்.

காலம் முழுக்க வயலில் வேலை செய்தவன் நான். எனக்கு ஏன் தனியே உடற்பயிற்சி?

அறுபது வரை செய்த வேலை எழுபதில் கையிருப்பாக நிற்காது. கதிரையில் குந்திவிட்டால் தொடைத்தசை மாதக்கணக்கில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷம் மூச்சு கொஞ்சம் வாங்குமளவு அசைவு. 65 தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. கல்லடிப் பாலத்தில் காலையில் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நல்லது. கடற்கரை மணலில் நடக்கப் பொல்லு தேவைப்படுபவர்கள் தார் வீதியே போகட்டும்.

நடக்க இயலாதவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: கையில்லாத கதிரையில் இருந்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்பி, திரும்ப உட்காருங்கள். ஐந்து தடவை. பக்கத்தில் ஆள் நிற்கட்டும். அடுத்த வாரம் ஆறு. பாயில் இருந்து தானாக எழும்பும் கிழவியை விழுத்துவது கடினம். விழுந்து இடுப்பு முறிந்தால், முறிந்த எலும்பு புகைப்பவருக்கு மெதுவாகவே பொருந்தும், காயமும் பிந்தித்தான் ஆறும்.

என்ன சாப்பிட வேண்டும்?

நம்முடைய சாப்பாட்டில் பெரிய குறை இல்லை, அளவில்தான் இருக்கிறது. மலைபோல் சோறும் ஓரத்தில் கரண்டிக் கறியும் என்பதைப் புரட்டினால் பாதி வேலை முடிந்தது. தீட்டாத சிவப்பரிசி, குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், வாவி மீன், பயறு, கௌபி. முட்டித் தயிர் நல்லது. அதன்மேல் ஊற்றும் பாணிதான் கணக்கில் வராமல் போகிறது. உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், ஐந்து கிராம். கருவாடும் ஊறுகாயும் அந்தத் தேக்கரண்டியை ஒரு வேளையிலேயே தீர்த்துவிடும்.

வயதான பிறகு தசைக்குப் புரதம் வேண்டும். பல்லில்லை என்று கஞ்சியிலும் பிஸ்கட்டிலும் நாளை ஓட்டுகிற அம்மாச்சிமார் அதனால்தான் மெலிகிறார்கள். மீனை முள் எடுத்து உதிர்த்துக் கொடுங்கள், முட்டையை அவித்து மசித்துக் கொடுங்கள். தாகமும் வயதோடு குறையும். தாகமெடுக்கும்வரை காத்திருக்காமல் குடிக்க வேண்டும், கச்சான் அடிக்கிற நாட்களில் முக்கியமாக.

புகையை விட்ட முதல் வருடத்தில் நாலைந்து கிலோ எடை கூடலாம். ஒல்லியான முதியவருக்கு அது நட்டமில்லை.

சாராயம் கொஞ்சம் மருந்துக்கு?

எந்த வருத்தத்துக்கு?

எப்போது உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்?

நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் நோ. சீனி வருத்தமுள்ள முதியவர்களுக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மூச்சு முட்டலும் களைப்புமாகவும் மாரடைப்பு வரும். "வாய்வு" என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க இயலாமை, பேச்சு குழறுவது பாரிசவாதம். கட்டியைக் கரைக்கும் ஊசி பொருத்தமானவர்களுக்கு நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்பட வேண்டும்; எண்ணெய் காய்ச்சவும் நூல் கட்டவும் அந்த நேரத்தைச் செலவழித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அவசரமில்லை, ஆனால் அந்த வாரமே காட்ட வேண்டியவை: இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் (சளியைச் சோதித்துக் காசநோயா என்று பார்ப்பார்கள், புகைப்பவருக்கு அதுவும் கூடுதலாக வரும்), சளியில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, மூன்று வாரமாக அடைத்த குரல், விழுங்கும்போது தடக்குவது.

நெருப்புப்பெட்டியை என்ன செய்வது?

சிரிக்காதீர்கள், அப்பா என்னிடம் கேட்ட கேள்வி இது. பீடிக்கட்டைக் கிணற்றடியில் எறிந்துவிட்டு, நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தேழு வருடம் மடியில் இருந்த பொருள். அது இல்லாமல் சாரத்தின் மடிப்பே சரியாக நிற்கவில்லை என்றார். சாமி விளக்குக்குத் தேவை, அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். மடியில் அந்த இடத்தில் கராம்புச் சரையை வைத்துச் செருகினார். அதன்பிறகு மாலையில் விளக்கு ஏற்றும் நேரத்துக்கு அம்மா கூப்பிடாமலேயே குசினி வாசலில் வந்து நிற்பார், குச்சியைத் தான்தான் உரசுவேன் என்று.